இளகின இரும்பா வளக்கிறமோ பிள்ளையள?

கேள்வி, மே 8, 2025

மகனுக்கு எட்டு வயசு. எதக் கேட்டாலும் குடுத்துப்போட்டு வாறான், கலர் பென்சில், தண்ணிப் போத்தல், இன்டர்வல் சாப்பாடு கூட. அடிச்சா திருப்பி அடிக்கிறதும் இல்ல. மாமி சொல்றா, இளகின இரும்பைக் கண்டா கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பானாம், நீ பிள்ளைய அப்பிடித்தான் வளக்கிறாய் எண்டு. கொழும்பில இருந்துகொண்டு பிள்ளைக்கு இரக்கம் சொல்லிக் குடுக்கிறது பிழையா? அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

பதில், மே 8, இரவு

மாமி அந்தப் பழமொழியில ஒரு சொல்ல விழுங்கிட்டா. மரியாதையான மாமி, குடுத்து வச்சனீங்கள், என்ர அம்மம்மா அத முழுசாத்தான் சொல்லுவா, அதுவும் விருந்தாளியள் இருக்கேக்க.

பிழையே இல்ல. என்ர மூத்தவனும் இந்த மாதிரித்தான், ஒன்பது வயசு, நாலாம் ஆண்டு. இந்தத் தவணையில மட்டும் ஏழு அழிறப்பர் வாங்கியாச்சு. வெள்ளவத்தையில நாங்கள் போற புத்தகக் கடைக்காரர் என்னைக் கண்டவுடன கேக்காமலே அழிறப்பர் பெட்டியத் தூக்கி மேசையில வைக்கிறார். எல்லாம் கூடப் படிக்கிற பிள்ளையளுக்குக் குடுக்கிறான். நான் பேசினதே இல்ல. யாழ்ப்பாணத்தில இருக்கிற அம்மாவுக்குப் போன் எடுத்து, பேரனுக்கு நல்ல மனசு எண்டு பெருமையாச் சொன்னனான். விடுங்கோ, குடுக்கட்டும்.

மே 9

நேற்று எழுதினத வாபஸ் வாங்கிறன். வெக்கமாக் கிடக்கு.

எட்டாவது அழிறப்பரும் போட்டுது. இந்தமுறை சும்மா கேட்டுப் பார்ப்பம் எண்டு, நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருக்கேக்க, அவன்ர முகத்தப் பாக்காமலே கேட்டன், ஆருக்கு ராசா குடுத்தனீ? ஸ்கூல் வானில பின் சீட்டில இருக்கிற அய்யாவுக்காம். (அய்யா எண்டது சிங்களத்து அய்யா, அதாவது அண்ணா. ஏழாம் ஆண்டுப் பெடியன், எங்கட பிளட்ஸில நாலாம் மாடி.) அவனிட்ட அழிறப்பர் இல்லையோ எண்டன். இருக்காம். அப்ப ஏன் குடுத்தனீ?

"குடுக்காட்டிப் பின்னேரம் பற் பண்ண விடமாட்டான் அம்மா."

கீழ கார் பார்க்கில பின்னேரம் பெடியள் சொப்ட் போல் கிரிக்கட் விளையாடுறவங்கள், பற் எண்டது அந்த மட்டை. ஒரு அழிறப்பருக்கு ரெண்டு ஓவர். வாசனை அழிறப்பர் எண்டா மூண்டு. நான் நல்ல மனசு, நல்ல மனசு எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சது என்ர பிள்ளை கட்டின கப்பத்த. கொழும்பில இருக்கிற தமிழ் ஆக்களுக்குக் கப்பம் எண்டா என்ன எண்டு நான் தனியா விளங்கப்படுத்தத் தேவையில்ல.

அதால கேள்வி கேட்ட தங்கச்சி, முதல்ல உங்கட மகன் ஏன் குடுக்கிறான் எண்டு பாருங்கோ. சந்தோசத்தில குடுக்கிறானா, பயத்தில குடுக்கிறானா. வெளியில இருந்து பாக்க ரெண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும், நான் ஒரு தவணை முழுக்கக் கண்டுபிடிக்கேல்ல. இன்னொண்டு, நேரா முன்னால இருத்தி வச்சு விசாரிச்சா வாயத் திறக்கமாட்டாங்கள். நெத்தலி வாங்குங்கோ.

மே 13

நேற்று வெசாக். பக்கத்து ஒழுங்கையில கொத்தமல்லித் தன்சல் (போற வாற ஆக்களுக்குச் சும்மா குடுக்கிற தானம்) போட்டவை, எங்கட பிளட்ஸ் பிள்ளையளையும் கூப்பிட்டு பரிமாற விட்டவை. ரெண்டையும் அனுப்பினன். மூத்தவன் கப்புக்குள்ள ஊத்திக் குடுக்க, பாருங்கோ, அந்தப் பின் சீட் அய்யா தான் பக்கத்தில நிண்டு வெல்லக் கட்டி வைக்கிறான். ரெண்டு மணித்தியாலம் ரெண்டும் ஒண்டா நிண்டுதுகள். ரோட்டால போற வாற ஆக்கள், பஸ்ஸில இருந்து இறங்கி வாற கிழவியள், பொலிஸ்காரர், எல்லாருக்கும் குடுத்தான். வீட்ட வந்து சொல்றான், அய்யா அங்க வேற ஆள் மாதிரி இருந்தவன் எண்டு.

இதப் பற்றி எனக்கு இன்னும் ஒரு முடிவுக்கு வரேலாமக் கிடக்கு. பெரிய ஆக்கள் கிட்ட நிண்டதாலயோ, கையில வேலை இருந்ததாலயோ.

சின்னவள், அஞ்சு வயசு, ஒருத்தருக்கும் குடுக்கேல்ல. தானே ஆறு கப் குடிச்சிட்டு இரவு முழுக்க பாத்ரூம்.

மே 22

"அந்தப் பெடியன்ர தாயிட்டப் போய்ச் சொல்லுங்கோ" எண்டு மூண்டு பேர் எழுதியிருக்கிறீங்கள். நானும் அதத்தான் யோசிச்சன், படியேறி மூண்டாம் மாடி வரைக்கும் போனன் கூட. பிறகு திரும்பி வந்திட்டன். தாய் ரெண்டு அடி போட்டா, அடுத்த நாள் வானில என்ர பிள்ளைக்கு நாலு அடி விழும், அது எனக்குத் தெரியும்.

வீட்ட வந்து மகனிட்டக் கேட்டன், ஏலாது எண்டு சொன்னா என்ன? அவன் சொன்ன பதில்ல நான் அப்பிடியே இருந்திட்டன். "என்னெண்டு சொல்றது எண்டு தெரியாது அம்மா." உண்மையாவே தெரியாது! அவன் தமிழ் மூலம் படிக்கிறான், வானில பாதிப் பிள்ளையள் சிங்களம். ஸ்கூல்ல இரண்டாம் மொழி எண்டு படிக்கிற சிங்களத்தில பூவும் பழமும் கிழமை நாட்களும் தான் கிடக்கு. மறுக்கிறதுக்கு ஒரு சொல்லும் இல்ல. வாங்கிறவன்ர மொழி தெரியாட்டிக் குடுக்கிறது தானே சுகம், கைய நீட்டினாச் சரி.

அண்டைக்கு இரவு ரெண்டு சொல் சொல்லிக் குடுத்தன். "பே", ஏலாது. "மகே வாரய", என்ர முறை. என்ர மனுசன் அய்யாவா நடிச்சார், மகன் மறுக்கோணும். முதல் பத்துத் தரம் சிரிப்புத் தான். மகன் "பே" எண்டு சொல்லிப்போட்டு உடன "சொரி அய்யே" எண்டு சேர்த்துச் சொல்றான். அந்த சொரிய எடுக்கத் தான் மூண்டு நாள் போனது. அது எங்கயிருந்து வந்தது எண்டு பாத்தா, என்னட்ட இருந்து தான். மீன்காரரிட்ட விலை கேக்கேக்கயும் நான் சொரி சொல்லித் தான் தொடங்கிறன்.

ஜூன் 3

அப்ப வீட்டில இரக்கத்த எப்பிடிப் பழக்கிறது எண்டு கேட்டிருந்தீங்கள். ஸ்டார் சார்ட் போடாதேங்கோ. நான் போட்டன். பிரிட்ஜ் கதவில ஒட்டி, ஒரு நல்ல காரியத்துக்கு ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஒரு ஐஸ்கிரீம். முதல் கிழமை வீடு கோயில் மாதிரி இருந்தது. தங்கச்சிக்குச் சப்பாத்துப் போட்டு விடுறதென்ன, மாமிக்குக் கண்ணாடி தேடிக் குடுக்கிறதென்ன. மூண்டாவது கிழமை, லிஃப்டில ஒரு வயசு போன அங்கிள் மரக்கறிப் பையோட வந்தார், என்ர மகன் கதவப் பிடிச்சுக்கொண்டு, அவர் உள்ள வர முதல், என்னைத் திரும்பிப் பாத்துக் கேக்கிறான்: "இதுக்கு ஸ்டார் இருக்கா?" அங்கிளுக்குத் தமிழ் விளங்கும். அதவிடப் பெரிய அவமானம் எனக்கு வேற இல்ல.

பிறகு தான் வாசிச்சன், ஜேர்மனியில ஃபீலிக்ஸ் வார்னெகன், மைக்கல் டொமசெல்லோ எண்ட ரெண்டு பேர் இதத்தான் சோதிச்சிருக்கினம். 2006 இல பதினெட்டு மாதப் பிள்ளையளுக்கு முன்னால ஒரு ஆள் துணி கொழுவிறார், கிளிப் கை தவறி விழுது, எட்டிப் பாக்கிறார், எட்டுதில்ல. ஆரும் கேக்காமலே பிள்ளையள் போய் எடுத்துக் குடுக்குதுகள். 24 பிள்ளையள்ல 22 ஒரு தரமாவது உதவி செய்ததுகள். 2008 இல இருபது மாதப் பிள்ளையள் உதவி செய்யச் செய்யக் கொஞ்சப் பேருக்கு விளையாட்டுச் சாமான் குடுத்துப் பாத்திருக்கினம். பிறகு சாமான நிப்பாட்ட, உதவியும் நிண்டு போச்சாம். நான் பிரிட்ஜில ஒட்டினது அதத் தானே, காசு குடுத்து.

ஜூன் 4

திருத்தம். கீழ ஒரு அண்ணா சரியாச் சொல்லியிருக்கிறார், "நிண்டு போச்சு" எண்டு நான் எழுதினது கூடிப்போச்சு. சாமான் வாங்கின பிள்ளையள் மற்றப் பிள்ளையள விடக் குறைவா உதவி செய்ததுகள், முழுசா நிப்பாட்டேல்ல. அதோட வாயால பாராட்டின பிள்ளையளுக்கு ஒரு குறையும் வரேல்ல. அதால "கெட்டிக்காரன்" எண்டு சொல்றதையும் நிப்பாட்டிப்போடாதேங்கோ எண்டு சொல்றார். ஓம். நேற்று வீட்டில நான் அதையும் நிப்பாட்டி, முகத்த உம்மெண்டு வச்சுக்கொண்டு திரிஞ்சனான், அவர் காய்ச்சலோ எண்டு கேட்டார்.

சார்ட்டக் கழட்டிட்டன். ஏற்கனவே இருந்த எட்டு ஸ்டாருக்கு நட்டஈடா ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுக்க வேண்டி வந்தது, சின்னவள் ஒரு ஸ்டாரும் இல்லாமலே பாதி தின்டவள்.

ஜூன் 15

பே வேலை செய்யுது! வியாழக்கிழமை வானில சொல்லியிருக்கிறான். அய்யா சிரிச்சிட்டு "ஹா ஹா மல்லி" (சிங்களத்தில மல்லி எண்டா தம்பி) எண்டு விட்டிட்டானாம். பின்னேரம் பற் குடுக்கேல்ல தான், ஆனா மற்றப் பெடியன் ஒருத்தன் குடுத்திருக்கிறான். அதால நான் சொல்லுவன், பிள்ளையளின்ர சண்டைக்குள்ள பெரிய ஆக்கள் போகக் கூடாது, அதுகளே சமாளிக்க விடோணும்.

ஜூன் 15, இரவு

நல்ல அடி விழுந்திருக்கு எனக்கு, தேவை தான். கொட்டாஞ்சேனையில இருந்து எழுதின அக்கா, ஸ்கூல்ல மற்றப் பிள்ளையளால உங்கட மகளுக்கு நடந்தத வாசிச்சிட்டு மேல எழுதின கடைசி வரிய அழிப்பம் எண்டு பாத்தன், பிறகு விட்டிட்டன், இருக்கட்டும்.

அக்கா சொல்றது சரி. எல்லாத்தையும் சண்டை எண்டு சொல்லேலாது. டான் ஒல்வேயஸ் எண்டு நோர்வேயில இருந்த ஆய்வாளர், பிள்ளையள் பிள்ளையள வதைக்கிற (புல்லியிங்) விசயத்தில ஆரம்பத்திலேயே வேலை செய்த ஆள், அவர் மூண்டு விசயம் பாக்கச் சொல்லுவார்: வேணுமெண்டு செய்யிறது, திரும்பத் திரும்ப நடக்கிறது, மற்றப் பிள்ளையால எதிர்த்து நிக்கேலாத அளவு பலம் வித்தியாசப்படுறது. மூண்டும் இருந்தா அது சண்டை இல்ல, அங்க பிள்ளைய "நீயே பாத்துக்கொள்" எண்டு விடுறது கைவிடுறது. இப்ப யோசிச்சுப் பாத்தா என்ர மகன்ர கதையிலயும் மூண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. ஏழாம் ஆண்டும் நாலாம் ஆண்டும், ஒரு தவணை முழுக்க. பே வேலை செய்தது அந்தப் பெடியன்ர நல்ல காலமோ எங்கட நல்ல காலமோ தெரியாது. அவன் வேற மாதிரிப் பெடியனா இருந்திருந்தா நான் நாலாம் மாடி வரைக்கும் ஏறியிருக்கத் தான் வேணும்.

அக்கா, ஸ்கூல்ல சொல்லியும் ஒண்டும் நடக்கேல்ல எண்டா 1929க்கு எடுங்கோ, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின்ர இலக்கம். நடந்த நாளையும் நேரத்தையும் ஒரு கொப்பியில எழுதி வச்சுக்கொண்டு கதையுங்கோ.

ஜூன் 16

"அப்ப பிள்ளையளுக்கு ரெசிலியன்ஸ் எப்பிடி வாறது" எண்டு தம்பி ஒராள் கேக்கிறார். தம்பி, அந்தச் சொல்ல நான் முதல் கேட்டது சுனாமிக்குப் பிறகு என்ஜிஓக்காரர் வச்ச வேர்க்ஷொப்பில. பேப்பரில "மீளெழும் தன்மை" எண்டு அடிச்சுத் தந்தவை, பின்னேரம் தேத்தண்ணியும் ரோல்ஸும். ரோல்ஸ் நல்லாயிருந்தது.

சரி, பகிடிய விடுவம். 1995 ஒக்ரோபர் 30 இரவு எனக்கு எட்டு வயசு. யாழ்ப்பாணத்தில இருந்து சனம் முழுக்க யுத்தத்தால இடம்பெயந்து நாவற்குழிப் பாலத்தால தென்மராட்சிக்கு நடந்தது, மழை, ஒரு அடி வைக்கப் பத்து நிமிசம். அம்மா தம்பியத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டு வாறா. அம்மம்மா என்ர கையில ஒரு சின்னச் செம்பத் தந்தவ, மூடியோட. "இதுக்குள்ள தம்பிக்குப் பால்மா கிடக்கு, ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் அவனுக்கு ஒண்டும் இல்ல, நீ தான் பொறுப்பு." நான் அந்தச் செம்ப சட்டைக்குள்ள வச்சு ரெண்டு கையாலயும் பொத்திக்கொண்டு நடந்தன். சுத்தி என்ன நடந்தது எண்டு எனக்குப் பெரிசா ஞாபகம் இல்ல, மூடி மட்டும் இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது, அதில ஒரு நசுங்கல் இருந்தது, அந்தப் பக்கத்த உள்ளுக்குத் திருப்பிப் பிடிச்சனான்.

ஹவாயில காவாய் எண்ட தீவில 1955 இல பிறந்த 698 பிள்ளையள எமி வேர்னர் எண்ட உளவியலாளர் நாப்பது வயசு வரைக்கும் விடாமப் பாத்துக்கொண்டு வந்தவ. மோசமான நிலைமையில பிறந்த பிள்ளையள்ல மூண்டில ஒரு பங்கு நல்லா வந்திருக்குதுகள். அந்தப் பிள்ளையளுக்குப் பொதுவா இருந்ததில ஒண்டு, தாய் தகப்பனா இல்லாட்டியும் அம்மம்மாவோ மாமாவோ ரீச்சரோ, நம்பி நிக்க ஒரு பெரிய ஆள். அத வாசிச்ச அண்டைக்கு அம்மம்மாட படத்துக்கு ஒரு பூ கூட வச்சன். அவ வேர்க்ஷொப் ஒண்டுக்கும் போனதில்ல.

எல்லாம் சரி, ஆனா அந்த இரவு எனக்கு நல்லது செய்தது எண்டு ஆரும் சொல்ல வராதேங்கோ. கஷ்டப்பட்டாத் தான் பிள்ளை உரம் வரும் எண்டு மேல எழுதின ஐயாவுக்குத் தான் சொல்றன். நான் இண்டைக்கும் வெடிச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழ பாக்கிறன், தீபாவளிக்கும்.

ஜூன் 29

இது கொஞ்சம் வேற கதை. மூண்டு ஞாயிறா மகனுக்குக் காலிமுகத்திடலுக்குப் பட்டம் விடக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொல்லிச் சொல்லி ஏமாத்திப்போட்டன். ஒருநாள் ஒபிஸ் வேலை, ஒருநாள் மழை, ஒருநாள் சும்மா பஞ்சி. நேற்று அவனிட்ட "ஹோம்வேர்க் முடி, பிறகு டிவி பாக்கலாம்" எண்டன். "இல்ல அம்மா, இப்பவே பாக்கிறன், பிறகு நீங்கள் விடமாட்டீங்கள்" எண்டான். கோவம் வந்தது, பேசிப்போட்டன், பொறுமை இல்லாத பிள்ளை எண்டு.

அந்த மார்ஷ்மலோ பரிசோதனை எல்லாருக்கும் தெரியும் தானே, பிள்ளைக்கு முன்னால ஒரு இனிப்பு வச்சு, தின்னாமப் பொறுத்திருந்தா ரெண்டு இனிப்பு. 2013 இல வந்த ஒரு ஆய்வு, அமெரிக்காவில ரொசெஸ்டர் பல்கலைக்கழகத்தில, செலஸ்ட் கிட் ஆக்கள் செய்தது. இனிப்பு வைக்க முதல் பிள்ளைக்குப் பழைய கிரேயோன் குடுத்து, பொறு, வடிவானது கொண்டு வாறன் எண்டு போறது. பாதிப் பேருக்குக் கொண்டு வந்து குடுத்தவை, மற்றப் பாதிக்கு வெறுங்கையோட வந்து, சொரி, இல்ல எண்டவை. பிறகு இனிப்பு வச்சா, சொன்னபடி கிடைச்ச பிள்ளையள் சராசரி பன்னிரண்டு நிமிசம் வரைக்கும் பொறுத்ததுகள், ஏமாந்த பிள்ளையள் மூண்டு நிமிசம். 28 பிள்ளையள் தான், சின்ன ஆய்வு. ஆனா அந்த மூண்டு நிமிசப் பிள்ளை என்ர வீட்டில டிவி பாத்துக்கொண்டிருக்குது.

இண்டைக்குப் போனம். காத்தே இல்ல. பட்டம் ஏறேல்ல, இஸ்ஸோ வடை தின்னிட்டு வந்தம்.

ஜூலை 6

சொரி சொல்லப் பழக்கிறது பற்றி. சின்னவள் அண்ணாவக் கடிக்கிறாள், சொரி சொல்லு எண்டா "சொரி" எண்டுபோட்டு மற்றக் கையக் கடிக்கிறாள். அந்தச் சொல் அவளுக்குச் சீசன் டிக்கட் மாதிரி. இப்ப நான் சொரி கேக்கச் சொல்றேல்ல, ஐஸ் எடுத்துக்கொண்டு வா எண்டு சொல்றன். ஐஸ் பிடிக்கேக்க அண்ணான்ர கையில பல்லுத் தடத்தப் பாத்துப்போட்டு எண்ணினாள், ஆறு எண்டாள். அதுக்குப் பிறகு கடி குறைஞ்சிருக்கு. நிண்டு போச்சு எண்டு சொல்லமாட்டன், போனமுறை வாங்கின அடி காணும்.

போன கிழமை வான் விட்டிட்டுப் போச்சு, நான் கீழ செக்கியூரிட்டி ஐயாவில கத்திப்போட்டன், ஏன் பெல் அடிக்கேல்ல எண்டு. அது அவரின்ர வேலையே இல்ல. மகன் பக்கத்தில நிண்டு சப்பாத்தப் பாத்துக்கொண்டிருந்தான். பின்னேரம் அவனையும் கூட்டிக்கொண்டு போய், என்ர அரைகுறைச் சிங்களத்தில, காலம என்ட வரத எண்டு சொன்னன். "வரத" எண்டா பிழை. மனுசன் மன்னிக்கவும் இல்ல, கோவிக்கவும் இல்ல, தண்ணி மோட்டர் மூண்டு நாளா வேலை செய்யேல்ல, கொமிட்டிக்குச் சொல்லுங்கோ எண்டார். படியேறேக்க மகன் கேட்டான், அவருக்கு விளங்கினதோ எண்டு. விளங்கியிருக்கும் எண்டன். "உங்கட சிங்களம் சரியில்ல அம்மா."

ஜூலை 17

இண்டைக்கு ஆடிப்பிறப்பு, அடுப்பில கூழ் கிடக்கு, கெதியா எழுதிப்போட்டு ஓடுறன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் கார் பார்க்கில அம்மாமார் நாலஞ்சு பேர் நிண்டு கதைச்சுக்கொண்டிருந்தம். மகன் புது பற் வச்சிருந்தான், அவன்ர மாமா கனடாவில இருந்து அனுப்பின காசில வாங்கினது. ரெண்டாம் மாடிச் சின்னப் பெடியன், ஆறு வயசு இருக்கும், பற் வேணும் எண்டு நிலத்தில இருந்து அழுறான். தாய் என்னைப் பாக்கிறா. எல்லாரும் என்னைப் பாக்கினம். போன வருசத்து நான் எண்டா, "குடு ராசா, சின்னப் பிள்ளை தானே, நல்ல பிள்ளை எல்லோ" எண்டு பறிச்சே குடுத்திருப்பன். வாய் வரைக்கும் வந்திட்டுது.

மகன் சொன்னான், "பே மல்லி. மகே வாரய." சொரி இல்ல. அடுத்த பந்துக்கு நிண்டான்.

ஓவர் முடியக் குடுப்பான் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். குடுக்கேல்ல! அடுத்த ஓவரும் தானே விளையாடினான், பிறகு பற்றோட மேல வந்திட்டான். சாப்பிடேக்க நான் ஒண்டும் கேக்கேல்ல. அவனாச் சொன்னான், பற் புதுசு அம்மா, நாளைக்குக் குடுக்கிறன், இண்டைக்கு எனக்குக் குடுக்க விருப்பம் இல்ல எண்டு. நேற்றுக் குடுத்தானோ எண்டு எனக்குத் தெரியாது, கீழ போய்ப் பாக்கேல்ல, எட்டிப் பாக்காம இருக்கிறதுக்கு எவ்வளவு பாடுபட்டன் எண்டு அவருக்குத் தெரியும்.

கேள்வி கேட்ட தங்கச்சி, உங்கட மகன் என்ன மாதிரி இப்ப? ஒண்டும் எழுதேல்லயே.

ரெண்டாம் மாடி அம்மா ரெண்டு நாளா லிஃப்டில முகம் குடுக்கிறா இல்ல. கூழ் ஒரு செம்பு, கொழுக்கட்டை எட்டு, இப்ப கொண்டு போறன். மகன கூட்டிக்கொண்டு போகேல்ல. அவன்ர கணக்கில இல்ல இது, என்ர கணக்கில.